பெயரிட்டவன் கடன்

அமிர்திக்கு மேலே, ஜவ்வாது மலைச்சரிவில், எங்கள் பங்கைச் சேர்ந்த சிற்றாலயம் ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை மாலைத் திருப்பலிக்காக அங்குச் செல்வது வழக்கம். சென்ற ஆண்டு ஐப்பசி மழை ஓய்ந்திருந்த ஒரு மாலையில் திருப்பலி முடிந்தபின்னும் மக்கள் கலையவில்லை. ஆலயத்தின் பின்புறம், புதர்க்காட்டின் ஓரமாக ஒரு வெள்ளைத் துணி திரைபோல் கட்டப்பட்டிருந்தது. அதன் முன்னே பாதரச விளக்கொன்று எரிந்துகொண்டிருந்தது. துணி முழுவதும் பூச்சிகள். இளைஞர் ஒருவர் கண்ணாடிக் குப்பியோடு பொருத்திய ரப்பர்க் குழலை வாயில் வைத்து உறிஞ்சி, எள்ளளவேயான பூச்சிகளை ஒவ்வொன்றாகக் குப்பிக்குள் இழுத்துக்கொண்டிருந்தார்.

அவர் எனக்குப் புதியவர் அல்லர். முன்பு நான் பணியாற்றிய பங்கில் பீடச்சிறுவராக இருந்தவர். தந்தையார் தோல் தொழிற்சாலை ஒன்றில் தொழிலாளி. மகன் பூச்சியியலில் முனைவர் பட்டத்திற்கு ஆய்வு செய்கிறார். காப்புக்காட்டுக்குள் பூச்சி பிடிக்க வனத்துறையின் அனுமதி வேண்டும். அது வந்துசேரும் வரை ஆலய நிலத்தில் விளக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார். நானும் இசைந்திருந்தேன்.

குப்பியில் சேர்ந்த பூச்சிகளை மருந்து நனைத்த பஞ்சு இருந்த வேறொரு புட்டிக்கு அவர் மாற்றினார். சில நொடிகளில் அவற்றின் துடிப்பு அடங்கியது. அதை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் என்னிடம் வந்தார். ஆடு வளர்த்துப் பிழைப்பவர். எழுபது வயதைத் தாண்டியவர்.

"இந்தப் புள்ள என்னா சாமி பண்ணுது?"

"இதுவரை யாரும் பெயர் வைக்காத பூச்சி ஏதாவது கிடைக்குமா என்று தேடுகிறார் அம்மா. கிடைத்தால் அவரே பெயர் வைப்பார்."

"பேரு வெக்கிறதுக்கு ஏன் சாமி சாவடிக்கணும்?"

"உள்ளே பிரித்துப் பார்த்தால்தான் இன்ன பூச்சி என்று சொல்ல முடியுமாம்."

அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார்: "நான் ஆட்டுக்குக்கூடப் பேரு வெக்கமாட்டேன் சாமி. பேரு வெச்சிட்டா விக்க மனசு வராது. இவரு கொன்னுட்டு இல்ல பேரு வெக்கிறாரு!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த இளைஞரும் "ஆயா நல்லா கேட்டீங்க" என்று சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அம்மூதாட்டி கொல்லாமை நோன்பு பூண்டவர் அல்லர். அவர் விற்கும் ஆடுகள் கறிக்கடைக்குப் போகின்றன. தோல்கள் கீழே ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் பேரணாம்பட்டுக்கும் போகின்றன. அதை அவர் அறிவார். அறிந்தே, தமக்கும் தம் ஆடுகளுக்கும் இடையில் பெயர் என்னும் உறவு புகாமல் காத்துக்கொள்கிறார். பெயர் கட்டிப்போடும் என்பது அவர் பட்டறிந்த உண்மை. அப்படியானால், கொன்றபின் வைக்கும் பெயர் யாரைக் கட்டும்? இறையியல் பயின்ற எனக்கு அன்றிரவு இதற்கு விடை தெரியவில்லை. அக்கேள்வியை வாசகர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்கவே இக்கட்டுரை.

அவர் தேடியவை தத்துப்பூச்சிகள். வயலில் இறங்கிய எவருக்கும் இவை புதியவை அல்ல. நெற்பயிரைக் கையால் தடவினால் பச்சைப் பொறிகளாகத் தெறிப்பவை. மாம்பூங்கொத்தை அசைத்தால் முகத்தில் வந்து மோதுபவை. பெரும்பாலானவை சில மில்லிமீட்டர் நீளமே உடையவை. கூரைபோல் மடிந்த இறகுகளும், பின்னங்கால்களில் சீப்பின் பற்களைப் போன்ற முள்வரிசையும், செடியின் சாற்றை உறிஞ்ச ஊசி போன்ற வாயும் உடையவை. தம் உடலில் சுரக்கும் நுண்ணிய துகள்களைக் கால்களால் வாரி மேனியெங்கும் பூசிக்கொள்வதால் இவற்றின்மேல் நீர் ஒட்டுவதில்லை. ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று அழைப்பது நம் காதில் விழாது. வயிற்றை அதிரச் செய்து, அந்த அதிர்வைச் செடியின் தண்டு வழியாக அனுப்புகின்றன. மறுமுனையில் இருப்பது அதைக் கால்களால் உணர்ந்து மறுமொழி தருகிறது. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் அளவால் வகுக்கும்போது நண்டையும் தும்பியையும் நான்கறிவுயிர்களோடு சேர்த்து, செவியறிவை அடுத்த படிக்கு ஒதுக்கியது. செவியில்லாத இச்சிற்றுயிர்கள் தொடுவுணர்வையே செவியாக்கிக்கொண்டு ஒரு செடிக்குள் பேசி வாழ்கின்றன என்பது நம் காலத்தில் தெரிந்த செய்தி.

உலகில் இதுவரை பெயரிடப்பட்ட தத்துப்பூச்சி இனங்கள் 20,000-க்கும் மேல். பெயர் பெறாதவை இன்னும் பல. அவற்றுள் கணிசமானவை மலைகளில் இருப்பதற்குக் காரணம் உண்டு. மலை என்பது சிற்றுயிர்களுக்குத் தீவு போன்றது. மேலே குளிர்ச்சியும் ஈரமும். சுற்றிலும் வெயில் காயும் சமவெளி. குறிப்பிட்ட ஒரு செடியை நம்பி மேட்டில் வாழும் பூச்சி, சமவெளியைத் தாண்டி அடுத்த மலைக்குச் செல்வது அரிது. தலைமுறைகள் பல கடக்கையில் ஒவ்வொரு மலையிலும் வேறுவேறு இனம் உருவாகிவிடும். ஜவ்வாது மலையோ கிழக்குத் தொடர்ச்சி மலையின் தனித்து நிற்கும் ஒரு துண்டு. இம்மலையின் காவலூர் வானாய்வுக் கூடத்திலிருந்துதான் 1988-இல் ராஜமோகன் சிறுகோள் ஒன்றைக் கண்டுபிடித்தார். 4130 என்ற எண்ணோடு கணித மேதை ராமானுஜனின் பெயரும் அதற்குச் சூட்டப்பட்டது. கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் சுற்றும் கல்லுக்கு இம்மலையிலிருந்து பெயரிட்டுவிட்டோம். மலையின் புதரில் கண்ணெதிரே தத்தும் உயிர்களுக்கோ இன்னும் பெயரிட்டு முடியவில்லை.

பெயரிடுவது அத்தனை எளிதன்று என்பதையும் சொல்லவேண்டும். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலிருக்கும் இரண்டு தத்துப்பூச்சிகள் வெவ்வேறு இனமாக இருக்கலாம். நிறமும் புள்ளியும் ஆணுக்கும் பெண்ணுக்கும் மாறும், பருவத்திற்கும் மாறும். நம்பத்தக்க அடையாளம் ஆண்பூச்சியின் இனப்பெருக்க உறுப்பின் அமைப்பே. ஆகவே வயிற்றுப் பகுதியைத் தனியே பிரித்து, காரக் கரைசலில் இளக்கி, நுண்ணோக்கியின் அடியில் வைத்து வரைகிறார்கள். எஞ்சிய உடலை முக்கோணத் தாள்துண்டின் நுனியில் ஒட்டி ஊசியில் செருகுகிறார்கள். வயிற்றுப் பகுதியைக் கிளிசரின் நிரப்பிய சிறு குப்பியில் இட்டு அதே ஊசியில் பொருத்துகிறார்கள். பிடித்த இடம், நாள், உயரம், பிடித்தவர் பெயர் ஆகியவற்றை எழுதிய சீட்டும் அதில் இருக்கும். புதிய இனம் என உறுதியானால் ஒரே ஓர் உடல் மூலமாதிரியாகக் குறிக்கப்படும். மரபுப்படி அதற்குச் சிவப்புச் சீட்டு. விளக்கம் அச்சாகி வெளிவரும் நாளில் பெயர் பிறக்கிறது. பிற்காலத்தில் எவருக்கு ஐயம் எழுந்தாலும் அந்த ஓர் உடலே இறுதிச் சான்று. 1758-இல் லின்னேயஸ் வெளியிட்ட நூற்பதிப்பைத் தொடக்கமாகக் கொண்டு உலகெங்கும் நடந்துவரும் ஒழுங்கு இது. கண்டுபிடித்தவர் தம் பெயரையே அவ்வினத்துக்குச் சூட்டிக்கொள்வது நாகரிகமன்று என்பதும் இத்துறையின் எழுதா மரபு.

நம் நாட்டுத் தத்துப்பூச்சிகளுக்கு முதன்முதலில் விரிவான நூல் எழுதியவர் வில்லியம் லூக்காஸ் டிஸ்டன்ட் என்னும் ஆங்கிலேயர். பிரித்தானிய இந்தியாவின் விலங்கினங்களைப் பற்றிய நூல்வரிசையில் 1908-இலும் 1918-இலும் வெளிவந்த அவருடைய தொகுதிகளை இன்றும் ஆய்வாளர் புரட்டாமல் இருக்க முடியாது. இவரைப் பற்றி அந்த இளைஞர் சொன்ன செய்தி என்னை வியப்பில் ஆழ்த்தியது. டிஸ்டன்ட் தம் வாழ்வின் முற்பகுதியை லண்டனில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் உழைத்துக் கழித்தவர்! 1899 முதல் 1920 வரை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பணிபுரிந்து, உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்து குவிந்திருந்த பூச்சிகளுக்குப் பெயரிட்டார். "ஃபாதர், எங்கப்பா மாதிரி அவரும் தோல் ஃபேக்டரிக்காரர்தான்" என்று அந்த இளைஞர் சொன்னபோது அவர் குரலில் ஒரு பெருமிதம் இருந்தது. தோலின் நாற்றம் அறிந்த கைகள் கண்ணுக்கெட்டாத உயிரின் அழகையும் அறியக்கூடும் என்பது நம் பகுதி மக்கள் நினைவில் கொள்ளத்தக்கது.

ஒரு பெயர் சரியாக அமையாவிட்டால் என்ன கெட்டுவிடும் என்று வாசகர் கேட்கலாம். நெல்லில் துங்ரோ என்னும் நச்சுயிரி நோய் உண்டு. இலை மஞ்சளும் செம்மஞ்சளுமாகி, பயிர் குட்டையாகிக் கதிர் பாழாகும். இந்நோயைப் பரப்புவது பச்சைத் தத்துப்பூச்சியே என்று பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஆய்வாளர் இருவர் 1965-இல் எழுதினார்கள். ஆனால் நெல்வயலில் பச்சைத் தத்துப்பூச்சி ஒன்றல்ல. நெருங்கிய உறவுள்ள இனங்கள் பல. ஒன்று நோயை எளிதில் பரப்பும். மற்றொன்று அத்துணை பரப்பாது. முதன்மைக் குற்றவாளிக்கு 1964-இல் ஜப்பானியர் ஒருவர் புதுப்பெயர் இட்டிருந்தார். அதே பூச்சிக்கு டிஸ்டன்ட் 1908-லேயே பெயரிட்டிருந்தார் என்பது, லண்டனில் கௌரி என்னும் ஆய்வாளர் மூலமாதிரிகளை மீண்டும் எடுத்துப் பார்த்து 1971-இல் எழுதியபின்னரே தெளிவாயிற்று. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஊசியில் காத்திருந்த ஒரு சிற்றுடல் சாட்சி சொல்லிற்று. எது குற்றவாளி, எது அன்று என்று பிரித்தறியாமல் வயலின் எல்லா உயிர்களின் மீதும் நஞ்சு தெளிப்பது பொய்ச்சாட்சியின்மேல் தீர்ப்பு எழுதுவதற்கு ஒப்பாகும். ஆகவே சரியாகப் பெயரிடுவது ஒருவகையில் நீதியின் தொடக்கம்.

இருந்தாலும் மூதாட்டியின் கேள்வி அப்படியே நிற்கிறது. பயன் உண்டு என்பதால் மட்டும் ஒரு செயல் நியாயமாகிவிடாது என்பதை அறநெறி இயலின் முதற்பாடத்திலேயே கற்றிருக்கிறோம்.

தொடக்கநூலின் இரண்டாம் அதிகாரத்தில், கடவுள் தாம் படைத்த உயிர்களை மனிதனிடம் கொண்டுவருகிறார். அவன் என்ன பெயரிடுவான் என்று பார்க்கிறார். பெயரிடுதல் என்பது அதிகாரத்தின் அடையாளம், அரசன் தன் குடிகளுக்குப் பெயர் சூட்டுவதைப் போன்றது என்று குருமடத்தில் எங்களுக்குக் கற்பித்தார்கள். நானும் பல ஆண்டுகள் அவ்வாறே மறையுரை ஆற்றியிருக்கிறேன். இப்போது அப்பகுதியைத் திரும்ப வாசிக்கையில் வேறொன்று கண்ணில் படுகிறது. மனிதன் தனிமையில் இருப்பது நல்லதன்று என்று கடவுள் கருதிய உடனே வருவது இந்நிகழ்ச்சி. தனியே இருந்தவனுக்குத் துணை தேடும் முயற்சியில்தான் உயிர்கள் ஒவ்வொன்றும் அவன்முன் வருகின்றன. அவன் ஆண்டு அனுபவிக்கப் பெயரிடவில்லை, 'நீ யார்?' என்று கேட்டு, அறிந்து, ஏற்றுப் பெயரிடுகிறான். அவன் கையில் நச்சுப்புட்டி இல்லை. உயிர்களும் அவனைக் கண்டு ஓடவில்லை. நாமோ அத்தோட்டத்தை விட்டு வெளியே வந்து வெகுகாலம் ஆயிற்று. நாம் அணுகினால் உயிர்கள் தெறித்து ஓடுகின்றன. அறிவதற்கே கொல்லவேண்டியிருப்பது நம் வீழ்ச்சி நிலையின் ஓர் அடையாளம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதைச் சாதனை என்று கொண்டாடுவதற்குமுன் சற்றுத் தலைகுனிவது தகும்.

புனித தோமா அக்குவினாசிடம் விடை தேடினேன். ஒரே படைப்பு இறைநன்மையை முழுவதும் காட்ட இயலாது என்பதால்தான் கடவுள் பலவகைப் படைப்புகளை உண்டாக்கினார். ஒன்றில் குறைவுபடுவதை மற்றொன்று நிறைவு செய்கிறது என்பது அவர் கருத்து. அழியும் இயல்புடைய உயிர்களில் தனியுயிர் இனத்தின் பொருட்டு இருக்கிறது என்பதும் அவர் போதனை. இவ்விரண்டையும் சேர்த்தால் விடை கிடைத்துவிடுகிறது: இனத்தின் நன்மைக்காகச் சில தனியுயிர்கள் எடுக்கப்படுவது அநீதியன்று. 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூலும், தேவையின்றி விலங்குகளை வதைப்பதும் கொல்வதும் மனித மாண்புக்கு முரண் என்றுதான் சொல்கிறதே தவிர, விலங்குகளைப் பயன்கொள்வதையே விலக்கவில்லை.

குருமடத் தேர்வில் இவ்விடைக்கு நல்ல மதிப்பெண் கிடைத்திருக்கும். ஆனால் அதற்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருப்பதை அப்போது கவனித்திருக்கமாட்டேன். 'இனத்தின் நன்மைக்காக' என்று சொல்கிறோம். அந்த நன்மை உண்மையிலேயே விளைகிறதா? பெயரிட்டபின் அவ்வினத்தை மறந்துவிட்டால், அந்தப் பூச்சி இனத்திற்காகச் சாகவில்லை. நம் பட்டத்திற்காகச் செத்தது. வாதத்தின் முழுப் பாரமும் பெயரிட்டபின் நாம் செய்யப்போவதன்மேல் இருக்கிறது.

இதை அந்த இளைஞரிடம் சொன்னேன். "ஃபாதர், ஒரு மாந்தோப்புல ஒரு தடவ மருந்தடிச்சா சாகிற பூச்சில ஒரு பங்குகூட நான் எடுக்கலயே?" என்றார். உண்மைதான். ஆனால் பிறர் செய்யும் பெருந்தவறு நம் சிறு செயலுக்கு உரிமைச்சீட்டு ஆகாது. ஒப்புரவுத் தொட்டியில் இந்த வாதத்தை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அவரும் அதை உணர்ந்தார் போலும். சிறிது நேரம் கழித்து அவரே ஒன்று சொன்னார். புதிய இனம் ஒன்று முதலில் பிடிபட்ட நாளுக்கும் அதற்குப் பெயர் கிடைக்கும் நாளுக்கும் இடையே சராசரியாக 21 ஆண்டுகள் கழிகின்றன என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2012-இல் கணக்கிட்டு எழுதினார்களாம். அத்தனை ஆண்டுகள் அவ்வுடல்கள் பெட்டிகளில் காத்துக் கிடக்கின்றன. "பிடிச்சத முடிக்காம புதுசு புதுசாப் பிடிச்சுக்கிட்டே இருக்கிறது தப்புன்னு எனக்கே தோணும் ஃபாதர்" என்றார். அன்றிரவு விடியும் வரை விளக்கு எரியவேண்டிய திட்டம். பத்து மணிக்கே அவர் அதை அணைத்துவிட்டார்.

மலையிலிருந்து கீழே இறங்கினால் பாலாறு. இதன் கரையில் தோலை ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலம் ஒன்று இருந்தது. அரைப்பதனத் தோல் ஏற்றுமதிக்கு 1970-களில் அரசு வரம்பு விதித்தபின், முழுப்பதனத்துக்கும் அதற்கான குரோமிய உப்புக்கும் தொழில் மாறிற்று. வேலை பெருகியது, எத்தனையோ குடும்பங்கள் கரையேறின. என் பங்குமக்களில் பலர் அந்தச் சோற்றை உண்டவர்கள். அவர்களைக் குறைகூற எனக்கு உரிமையில்லை. ஆனால் ஆற்றுக்கும் கிணற்றுக்கும் நேர்ந்தது என்ன என்பதும் தெரிந்ததே. வேலூர் குடிமக்கள் நலமன்றத்தின் வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தந்த தீர்ப்பில், இப்பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பயிருக்கு உதவாமற்போயிற்று என்னும் ஆய்வு எடுத்துக்காட்டப்பட்டது. மாசு செய்தவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியும் நிலைநாட்டப்பட்டது. நிலத்துக்குக் கணக்கு இருந்தது. குடிநீருக்குக் கணக்கு இருந்தது. ஆற்றங்கரை நாணலில் வாழ்ந்த சிற்றுயிர்களின் கணக்கை நான் வாசித்தவரையில் அங்குக் காணவில்லை. எப்படி இருக்கும்? அவை என்னென்ன என்று எழுதிவைத்தவர் யார்? பெயரில்லாததன் சாவுக்கு வழக்குத் தொடுக்க முடியாது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், நாம் ஒருபோதும் அறியப்போகாத உயிரினங்கள் நம்மால் மறைந்துபோவதை எண்ணி வருந்தி, அதற்கு நமக்கு உரிமையில்லை என்று உணர்த்துகிறார்.

அதே 2015-ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில், இராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைகளுக்கான பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமொன்றில், கழிவுச்சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, அருகில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப்பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். மனிதரையும் பூச்சியையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று எவரும் எண்ணவேண்டாம். நான் சொல்லவருவது நம் பழக்கத்தைப் பற்றி. அவர்கள் உயிரோடு நம்மிடையே நடமாடியபோது அவர்கள் பெயரை நம்மில் யாரும் கேட்கவில்லை. செத்தபின் செய்தித்தாளில் வாசித்தோம். கொன்றபின் பெயர் கேட்பது பூச்சியியலாரின் பழக்கம் மட்டுமன்று. நம் எல்லாருக்கும் அது கைவந்திருக்கிறது. பெயர் தெரிந்தால் மனசு வராது என்று அந்த மூதாட்டி சொன்னாரே, அதற்கு அஞ்சித்தான் நாம் பெயரைக் கேட்காமலே காலம் தள்ளுகிறோம் போலும்.

ஊசியில் இருக்கும் மூலமாதிரியைச் சாட்சி என்றேன். மறைசாட்சி என்று சொல்ல நான் துணியமாட்டேன். மறைசாட்சி மனமுவந்து தம் உயிரைத் தருபவர். இச்சிற்றுயிரை யாரும் கேட்கவில்லை. அதன் உயிர் எடுக்கப்பட்டது. கேளாமல் எடுத்தது கடன். கடன் என்றால் திருப்பித் தரவேண்டும்.

எப்படித் தருவது? திருமுழுக்குப் பதிவேட்டை நினைத்துப் பார்க்கிறேன். பெயர், பிறந்த இடம், நாள், பெற்றோர், அவற்றோடு ஞானப்பெற்றோர். பூச்சியின் ஊசியிலுள்ள சீட்டும் ஏறக்குறைய இதே செய்திகளைத்தான் சொல்கிறது. திருமுழுக்கில் பெயர் சூட்டப்படும்போது அருகில் நிற்கும் ஞானப்பெற்றோர் அன்றோடு வீடுதிரும்பிவிடுவதில்லை. அப்பிள்ளையின் வாழ்வுக்குப் பொறுப்பேற்கிறார்கள். இனத்துக்குப் பெயரிடுபவரும் இத்தகைய பொறுப்பை ஏற்கிறார் என்றே கருதுகிறேன். தேவைக்குமேல் ஓருயிரையும் எடுக்கலாகாது. எடுத்ததைப் பெட்டியில் மக்கவிடாமல் பணியை முடிக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சீட்டில் எழுதிய இடம் உயிரோடு இருக்கிறதா என்று கவலைப்படவேண்டும். அந்த மலைச்சரிவு அழிந்துவிட்டால் அச்சீட்டு கல்லறைக் கல்லில் பொறித்த எழுத்தாகிவிடும். பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தின் விரக்தமத் போன்றோர் ஒரு வாழ்நாள் முழுவதையும் தத்துப்பூச்சிகளுக்கென்றே அளித்து, தென்னக மலைகளின் இனங்கள் பலவற்றை முறையாக விவரித்திருக்கிறார்கள். அத்தகையோர் தம் பங்கைச் செய்கிறார்கள். ஆனால் இடத்தைக் காக்கும் பங்கு அவர்களுடையது மட்டுமன்று. அந்த இடத்தில் வாழும் நம்முடையது.

இங்கேதான் என் கதை வருகிறது. சில மாதங்களுக்குமுன் அந்த இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். அன்றிரவு கிடைத்தவற்றுள் ஓர் ஆண்பூச்சி, அவர் இதுவரை ஒப்பிட்டுப் பார்த்த எதனோடும் ஒத்துப்போகவில்லையாம். புதிய இனமென்று இப்போதே சொல்லமுடியாது. அருங்காட்சியகங்களின் மாதிரிகளோடு ஒப்பிட இன்னும் காலம் ஆகும். "அந்தப் புதர் அப்படியே இருக்குதா ஃபாதர்? அடுத்த மழைக்கு மறுபடி வந்து, எந்தச் செடியில வாழுதுன்னு பார்க்கணும்" என்றார்.

என்னால் உடனே பதில் சொல்ல இயலவில்லை. அந்தப் புதர்க்காட்டை அழித்து, அவ்விடத்தில் லூர்து அன்னையின் கெபி ஒன்றும் வண்டிகள் நிறுத்தச் சிமெண்டுத் தளமும் அமைப்பது என்று பங்குப்பேரவை முன்பே தீர்மானித்திருந்தது. தீர்மானத்தில் என் கையொப்பம் இருக்கிறது. நன்கொடையாளர் ஒருவர் பணமும் தந்துவிட்டார். விளக்கு வைக்க இடம் கொடுத்த அன்றே நானும் அந்தப் பெயரிடுதலில் பங்காளி ஆகிவிட்டேன் என்பது, அவர் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. ஒரு கையால் சாட்சியை எடுக்க அனுமதித்துவிட்டு, மறுகையால் அதன் வீட்டை இடிக்க ஒப்பமிட்டிருக்கிறேன்.

பேரவையில் இதை எடுத்துச் சொன்னேன். கெபியை ஆலயத்தின் முன்புறமாக மாற்றலாம், சிமெண்டுத் தளத்தைக் கைவிடலாம் என்று கேட்டுக்கொண்டேன். ஒருவர், "சாமி, பூச்சிக்காக மாதாவக் காத்திருக்க வெக்கிறதா?" என்றார். அவர் வருத்தம் நேர்மையானது, நான் எள்ளவில்லை. அன்னை மரியா மாட்டுக்கொட்டிலில் பிள்ளையைக் கிடத்தியவர், புதரின் அருகே நிற்கத் தயங்கமாட்டார் என்று மட்டும் சொன்னேன். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. என்ன முடிவாகும் என்பது இதை எழுதும் நாளில் எனக்குத் தெரியாது.

சென்ற முறை மலைக்குப் போனபோது அந்த மூதாட்டியிடம் பேசினேன். "அம்மா, அன்றைக்கு நீங்கள் கேட்டதற்கு இப்போதுதான் பதில் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்றிரண்டு உயிரை எடுத்துத்தான் பெயர் வைக்கமுடிகிறது. அதற்கு ஈடாக, மிச்சமிருப்பவற்றை நாம் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்றேன்.

அவர் ஆடுகளை அதட்டிக்கொண்டே கேட்டார்: "பேரு வெச்சாச்சா சாமி?"

"இன்னும் இல்லை அம்மா. நாளாகும்."

"அப்ப வெக்கிற வரிக்கும் அந்தப் பொதர வெட்டாதீங்க. வெச்ச பொறவு எப்படியும் வெட்ட மனசு வராது."